மறுபடி சைக்கிள் மிதிக்கும் முன்...

1987 ஏப்ரலில் வேட்டையின்போது தவறுதலாகச் சுடப்பட்டார் அமெரிக்க சைக்கிள் வீரர் கிரெக் லெமாண்ட். 1989-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 8 விநாடி வித்தியாசத்தில் வென்றார். இடையில் இரண்டு ஆண்டுகள் ஓடியிருந்தன என்பதை, ஆபரேஷன் முடிந்ததும் சைக்கிள் ஏற அவசரப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு நெஞ்செலும்பு கூடிவரப் பொதுவாக 6 முதல் 12 வாரம் பிடிக்கும். ஹேண்டில்பாரில் கை ஊன்றும் பாரமும், பள்ளத்தில் விழும் குலுக்கலும் அந்த எலும்பில்தான் போய் இறங்கும். அதனால் இப்போதைக்கு ரோடு வேண்டாம். மருத்துவர் சம்மதித்தால், வீட்டுக்குள் நிற்கும் உடற்பயிற்சி சைக்கிளில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து மெல்ல மிதிக்கலாம்.

பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நாடித்துடிப்பை மட்டும் நம்பக் கூடாது. மாத்திரை அதை ஏறவிடாது. மிதித்தபடியே மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று பார்ப்பதே நம்பகமான அளவு.

குடலிறக்க ஆபரேஷன் ஆனவர்கள் ஓட்டுவதற்குப் பயப்படும் அளவுக்கு, சைக்கிளைத் தூக்குவதற்குப் பயப்படுவதில்லை. வாசற்படியில் ஏற்றி இறக்க வீட்டில் ஒருவர் கைகொடுக்கட்டும்.

காய்ச்சல் நாளில் சைக்கிளைத் தொடவே வேண்டாம். நெஞ்சுவலி, தலைசுற்றல், தையல் இடத்தில் கசிவு... எது தெரிந்தாலும் உடனே இறங்கி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.