கோனி தீவுக் கடற்கரையில் உழைக்கும் பெண்களின் கோடைக்காலம்

முன்னுரை

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், அதன் தென்கோடியில் அமைந்த கடற்கரை ஊர் கோனி தீவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயத்த ஆடைத் தொழிற்கூடங்களிலும் கடைகளிலும் உழைத்த இளம்பெண்கள், கோடைக்கால விடுமுறை நாள்களில் அங்குத் திரண்டனர். அவர்தம் களிப்பிற்கும் கூலிக்கும் இடையிலான உறவை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒருநாள் கோடை

செல்வர்க்குக் கோடை என்பது ஒரு பருவம். உழைக்கும் பெண்ணுக்கு அது பெரும்பாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. 146 பேரைப் பலிகொண்ட டிரையாங்கிள் ஆடைத் தொழிற்கூடத் தீவிபத்து, 1911 மார்ச் 25 சனிக்கிழமை மாலை, வேலை முடியும் நேரத்தில் நிகழ்ந்தது. இறந்தோருள் பெரும்பாலோர் புலம்பெயர்ந்த இளம்பெண்கள். சனிக்கிழமையும் அவர்களுக்கு உழைப்பு நாளாகவே இருந்தது என்பதற்கு இந்நிகழ்வே சான்று.

கூலியும் உபசரிப்பும்

இப்பெண்களின் ஓய்வுநேரத்தை விரிவாக ஆராய்ந்தவர் கேத்தி பைஸ் (1986). மகன்கள் கூலியின் ஒரு பகுதியைத் தம் செலவுக்கு வைத்துக்கொள்ள, மகள்கள் பலர் கூலி உறையைப் பிரிக்காமலே தாயிடம் அளித்தனர் என்று அவர் காட்டுகிறார். கையில் காசில்லாத பெண்ணுக்கு நுழைவுச்சீட்டும் சிற்றுண்டியும் ஆண் வாங்கித் தரும் ‘உபசரிப்பு’ வழக்கம் இச்சூழலில் வேரூன்றியது. அதற்கு ஈடாகத் தோழமை முதல் உடலுறவு வரை எதிர்பார்க்கப்பட்டது.

கேளிக்கைப் பூங்கா

1897இல் திறக்கப்பட்ட ஸ்டீபிள்சேஸ் பூங்காவின் சுழலும் உருளை, முன்பின் அறியாதவர்களையும் ஒருவர்மேல் ஒருவராக விழச்செய்தது. சமூகம் விலக்கிய தொடுகை அங்கு விளையாட்டாயிற்று. ஆயினும், பெண்களின் பாவாடையைக் காற்றால் உயர்த்தி, அதனைக் கண்டு பிறர் நகைக்கவும் அப்பூங்கா வழிசெய்தது. விளையாட வந்த பெண்ணே காட்சிப்பொருளும் ஆனாள்.

மரப்பலகை நடைபாதை

1920இல் ஐந்து சென்ட் கட்டணத்தில் சுரங்க ரயில் வசதி கிட்டியது. கடற்கரையின் பெரும்பகுதி தனியார் குளியல் நிலையங்களின் பிடியில் இருந்த நிலையில், நகராட்சி அதனைப் பொதுவாக்கி 1923இல் மரப்பலகை நடைபாதையைத் திறந்தது. அங்கு உலவ எவருடைய உபசரிப்பும் தேவைப்படவில்லை.

முடிவுரை

கோனி தீவு உழைக்கும் பெண்களுக்கு வீட்டின் கண்காணிப்பிலிருந்து விடுப்பு அளித்தது. கூலியின் குறையிலிருந்து அளிக்கவில்லை. பூங்காவின் களிப்பு பிறர் காசைச் சார்ந்திருக்க, ரயில் கட்டணம் மட்டுமே கொண்டு வந்தவளும் நடைபாதையில் தன்னுரிமையோடு நடக்க முடிந்தது. ஓய்வின் வரலாற்றைக் கூலியின் வரலாற்றோடு இணைத்தே படிக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.