படிக்கும் தொலைக்காட்சி: டெலிடெக்ஸ்ட் வளர்ந்ததும் தேய்ந்ததும்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

முன்னுரை

தொலைக்காட்சி என்றதும் நம் நினைவுக்கு வருபவை படமும் ஒலியும்தாம். பார்ப்பதற்கும் கேட்பதற்கும் உரிய அப்பெட்டியைப் படிப்பதற்கும் பயன்படுத்தலாம் என்று காட்டியது டெலிடெக்ஸ்ட் என்னும் சேவை. ரிமோட்டில் மூன்று எண்களை அழுத்தினால் போதும். ஓடிக்கொண்டிருக்கும் படம் மறைந்து, கறுப்புத் திரையில் பல வண்ண எழுத்துகளில் செய்தி தோன்றும். வானிலை, விளையாட்டு முடிவுகள், பங்குச் சந்தை விலை, விமானம் வந்து சேரும் நேரம் ஆகியவற்றை ஐரோப்பிய மக்கள் பல்லாண்டுகள் இவ்வாறே அறிந்து வந்தனர். இணையம் வந்த பின்னர் இச்சேவை பல நாடுகளில் மறைந்துவிட்டது. அது எவ்வாறு பிறந்தது, எவ்வாறு இயங்கியது, ஏன் தேய்ந்தது, அது போனதால் யாருக்கு என்ன இழப்பு என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் வளர்ச்சியும்

டெலிடெக்ஸ்டின் தாயகம் பிரிட்டன். காது கேளாதோர் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் புரிந்துகொள்ளத் திரையின் அடியில் வசன வரிகளைக் காட்ட வழியுண்டா என்று பி.பி.சி. நிறுவனத்தின் பொறியாளர்கள் ஆராய்ந்தனர். அவ்வாறு வரிகளை அனுப்ப முடியுமானால், முழுப் பக்கங்களையே அனுப்பலாமே என்ற எண்ணம் அந்த ஆராய்ச்சியில் பிறந்தது. 1972ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இத்திட்டம் அறிவிக்கப்பட்டது. 1974ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் 'சீஃபாக்ஸ்' என்ற பெயரில் சேவை தொடங்கியது. 'உண்மைகளைப் பார்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் ஒலியை ஒட்டி இப்பெயர் வைக்கப்பட்டது. தொடக்கத்தில் இருந்தவை 30 பக்கங்களே. அதன் முதல் ஆசிரியர் காலின் மக்கின்டயர், ஆரம்ப நாள்களில் தனி ஒருவராகவே அப்பக்கங்களைக் கவனித்து வந்தார்.

ஐ.டி.வி. நிலையங்களும் 'ஆரக்கிள்' என்ற சேவையைத் தொடங்கின. ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையைப் பின்பற்றினால் மக்கள் இரண்டு விதப் பெட்டிகளை வாங்க நேரிடும் அன்றோ? ஆகவே 1976இல் இரு தரப்பினரும் பெட்டி தயாரிப்போரும் கூடி ஒரே பொது முறையை வகுத்தனர். இந்த ஒற்றுமையே பின்னாளில் இச்சேவை நாடு நாடாகப் பரவ வழி செய்தது. சுவீடனில் 1979இலும், நெதர்லாந்து, ஆஸ்திரியா, ஜெர்மனி ஆகிய நாடுகளில் 1980இலும், பின்லாந்தில் 1981இலும் டெலிடெக்ஸ்ட் தொடங்கியது. ஆசியாவில் சிங்கப்பூர் 1983இல் தொடங்கியது. நம் நாட்டிலும் தூர்தர்ஷன் 1985ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் டில்லியில் 'இன்டெக்ஸ்ட்' என்ற பெயரில் இச்சேவையைத் தொடங்கியது. பிரிட்டனில் 1990களில் சீஃபாக்ஸ் உச்ச நிலையில் இருந்தபோது, வாரத்தில் ஒரு முறையேனும் அதைப் படித்தவர்கள் இரண்டு கோடிப் பேர் எனக் கணக்கிட்டனர்.

இயங்கும் முறை

இது எப்படி இயங்கியது என்பதுதான் வியப்பானது. ஐரோப்பியப் பழைய முறைத் தொலைக்காட்சியில் ஒரு முழுப் படம் 625 கோடுகளால் ஆனது. எலக்ட்ரான் கற்றை ஒன்று திரையின் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வரைந்துகொண்டே வரும். கீழ்க் கோடி வந்ததும் மீண்டும் மேலே செல்ல வேண்டும். நாம் நோட்டில் கடைசி வரியை எழுதி முடித்ததும் கையைத் தூக்கி அடுத்த பக்கத்தின் முதல் வரிக்குக் கொண்டு போகிறோமே, அது போன்றது இது. அந்தச் சிறு இடைவெளியில் திரையில் படம் எதுவும் வரையப்படுவதில்லை. இவ்வாறு ஏறத்தாழ 50 கோடுகளின் நேரம் வெறுமையாகக் கழிந்தது. வீணாகும் அந்தக் கோடுகளில் எழுத்துகளைக் குறியீடுகளாக மாற்றி அனுப்பினர். படத்துக்கு எவ்விதக் குறையும் நேரவில்லை. தனி அலைவரிசையும் தேவைப்படவில்லை. பெட்டியில் உள்ள சிறு கருவி அக்குறியீடுகளைப் பிரித்து மீண்டும் எழுத்தாக்கியது.

ஒரு பக்கத்தில் 24 வரிகள். வரிக்கு 40 எழுத்துகள். ஒரு வரி எழுத்து ஒரு கோட்டில் அடங்கிவிடும். படம் இரண்டு பாதிகளாக, நொடிக்கு 50 பாதிகள் வீதம் வரும். தொடக்க காலத்தில் ஒரு பாதிக்கு இரண்டு கோடுகளை எழுத்துக்காக ஒதுக்கினர். அப்படியானால் 24 வரிகளை அனுப்ப 12 பாதிகள் வேண்டும், அதாவது 0.24 நொடி. நூறு பக்கங்களை அனுப்ப 24 நொடிகள் ஆகும்.

பக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்று, முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். திருவிழாவில் சுற்றும் ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நமக்குப் பிடித்த குதிரை நம் முன் வரும் வரை நாம் நின்று காத்திருக்க வேண்டும். அதுபோலவே, நாம் கேட்ட பக்கம் சுற்றி வரும் வரை காத்திருக்க வேண்டும். பின்னர் கோடுகளின் எண்ணிக்கையைக் கூட்டியும், பக்கங்களைப் பெட்டியிலேயே சேமித்து வைத்தும் இக்காத்திருப்பைக் குறைத்தனர்.

டெலிடெக்ஸ்டின் சிறப்புகள்

இச்சேவை மெதுவானது, புகைப்படம் காட்ட இயலாதது, எட்டு வண்ணங்களை மட்டுமே உடையது. ஆயினும் இதற்குச் சில தனிச் சிறப்புகள் இருந்தன.

முதலாவது, இதில் கூட்ட நெரிசல் கிடையாது. நிலையம் பக்கங்களை வானில் அனுப்பிக்கொண்டே இருக்கிறது, வேண்டியவர் எடுத்துக்கொள்கிறார். பத்துப் பேர் படித்தாலும் பத்துக் கோடிப் பேர் படித்தாலும் வேகம் ஒன்றே. இணையம் அவ்வாறு அன்று. அங்கே ஒவ்வொருவரும் கேட்க, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் தர வேண்டும். ஆகவேதான் 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் அமெரிக்காவில் தாக்குதல் நடந்தபோது பெரிய செய்தி இணையதளங்களே திணறிப்போயின. பொதுத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் இணையதளம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதைக் கண்டு வீட்டார் தவிப்பது நாம் அறிந்ததே. இவ்வாண்டு அத்தேர்வை எழுதப்போகும் நமக்கு இவ்வேறுபாட்டை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை!

இரண்டாவது, இதில் செய்தி ஒரு திசையில் மட்டுமே செல்கிறது. யார் எந்தப் பக்கத்தைப் படித்தார் என்பது நிலையத்துக்குத் தெரியாது. ஒருவர் நோயைப் பற்றிப் படித்தாலும் வேலைவாய்ப்பைப் பற்றிப் படித்தாலும் அது அவரோடு நின்றது. இணையத்திலோ நாம் செய்தியைப் படிக்கும்போது செய்தித் தளமும் நம்மைப் படிக்கிறது.

மூன்றாவது, சொற்சிக்கனம். 24 வரிகளை 40 எழுத்துகளால் பெருக்கினால் 960 இடங்கள். பக்க எண், தேதி, தலைப்பு, செய்தி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இதைச் சோதித்துப் பார்க்க எண்ணி, கணக்கு நோட்டில் 40 கட்டம் அகலமும் 24 கட்டம் உயரமும் உடைய செவ்வகம் வரைந்து, நம் பள்ளி விளையாட்டு விழாச் செய்தியைக் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதினேன். முதலில் இடம் போதவில்லை. 'மிகவும்', 'சீரும் சிறப்புமாக', 'அனைவரும் கண்டு களிக்கும் வண்ணம்' ஆகியவற்றை நீக்கினேன். எஞ்சியவை யார் வென்றார், எத்தனை நொடியில் வென்றார் என்பவைதாம். ஆனால் படிப்பவர் அறிய விரும்புவதும் அதைத்தானே? தோழியரே, நீங்களும் ஒரு முறை முயன்று பாருங்கள்.

நான்காவது சிறப்பே தலையாயது. எந்த நோக்கத்துக்காக ஆராய்ச்சி தொடங்கியதோ, அந்நோக்கம் நிறைவேறியது. 1979இல் காது கேளாத குழந்தைகளைப் பற்றிய ஆவணப் படம் ஒன்றைப் பி.பி.சி. வசன வரிகளுடன் ஒளிபரப்பியது. 888 என்ற பக்க எண்ணை அழுத்தினால் வரிகள் தோன்றும் வழக்கம் ஏற்பட்டது. 2008ஆம் ஆண்டுக்குள் பி.பி.சி.யின் முக்கிய அலைவரிசைகளில் எல்லா நிகழ்ச்சிகளுக்கும் வசன வரிகள் கிடைத்தன.

தேய்ந்த காரணங்கள்

இத்தகைய சேவை தேய்ந்ததற்குக் காரணங்கள் மூன்று.

ஒன்று, இணையமும் கைப்பேசியும். பி.பி.சி. நிறுவனமே 1997ஆம் ஆண்டு நவம்பரில் தன் செய்தி இணையதளத்தைத் தொடங்கியது. படமும் ஒலியும் எல்லையற்ற இடமும் அங்கே கிடைத்தன. ராட்டினத்துக்காகக் காத்திருக்கும் பொறுமை மக்களுக்கு இல்லாது போயிற்று.

இரண்டு, வருமானம். ஆரக்கிள் சேவைக்குப் பின் 1993இல் வந்த தனியார் நிறுவனம், விடுமுறைப் பயண விளம்பரங்களால் பெரும் பொருள் ஈட்டியது. அவ்விளம்பரங்கள் இணையத்துக்குச் சென்றதும் வருவாய் குன்றியது. 2009ஆம் ஆண்டு டிசம்பரில் அதன் செய்திப் பக்கங்கள் நின்றன.

மூன்று, பழைய முறை ஒளிபரப்பே நிறுத்தப்பட்டமை. பிரிட்டனில் 2007 முதல் 2012 வரை பகுதி பகுதியாக டிஜிட்டல் முறைக்கு மாறினர். இறுதியாக வட அயர்லாந்தில் 2012ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் இரவு பழைய ஒளிபரப்பு அணைக்கப்பட்டது. அத்துடன் 38 ஆண்டுகள் வாழ்ந்த சீஃபாக்ஸ் சேவையும் முடிவுற்றது. அதை அணைத்து வைத்தவர் மேரி பீட்டர்ஸ் என்னும் வீராங்கனை. 1972இல், சீஃபாக்ஸ் அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில், மியூனிக் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்றவர் அவர். சிங்கப்பூர்ச் சேவை 2013இல் நின்றது. அயர்லாந்தின் 'ஏர்டெல்' சேவை 1987 முதல் 36 ஆண்டுகள் நடந்து, 2023ஆம் ஆண்டு அக்டோபரில் விடைபெற்றது.

ஆயினும் மூன்றாவது காரணத்தைப் பற்றி ஒன்று கூற வேண்டும். டிஜிட்டல் ஒளிபரப்பிலும் டெலிடெக்ஸ்ட் பக்கங்களை அனுப்ப இயலும். ஜெர்மனி, நெதர்லாந்து, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகள் டிஜிட்டலுக்கு மாறிய பின்னும் இச்சேவையைத் தொடர்ந்து நடத்தின. நெதர்லாந்திலும் சுவீடனிலும் அதே கறுப்புப் பக்கங்களைக் கைப்பேசிச் செயலியாகவும் தந்தனர். நாற்பது எழுத்து வரியைக் கைப்பேசித் திரையில் படிப்பதும் எளிதாகவே இருந்தது! ஆகவே புதிய கருவி வந்தால் பழைய சேவை இறந்தே தீர வேண்டும் என்பதில்லை. வைத்துக்கொள்வதா விட்டுவிடுவதா என்பதை மனிதர்தாம் முடிவு செய்கின்றனர்.

யாருக்கு இழப்பு?

'எல்லாம்தான் இணையத்தில் கிடைக்கிறதே, பிறகு கவலை எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். இதற்கு விடை 2020ஆம் ஆண்டில் கிடைத்தது. பிரிட்டனில் சீஃபாக்ஸுக்குப் பின் டிஜிட்டல் பெட்டிகளில் 'சிவப்புப் பொத்தான்' என்ற எழுத்துச் சேவை இருந்து வந்தது. செலவைக் குறைக்கும் பொருட்டு, 2020 ஜனவரி 30 முதல் அதையும் மூடத் தொடங்குவதாகப் பி.பி.சி. அறிவித்தது. அந்நாட்டின் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு எதிர்ப்புத் தெரிவித்து மனுக் கொடுத்தது. பார்வைக் குறைவு உடையோர், முதியோர், ஊனமுற்றோர், வீட்டில் இணையம் இல்லாதோர் ஆகியோர் இச்சேவையை நம்பியிருந்தனர். ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தப் பழகியவருக்கு, கைப்பேசியில் கடவுச்சொல்லிட்டு உள்ளே சென்று தேடுவது எளிதன்று. அவர்களின் குரலைக் கேட்டு, மூடுவதற்கு முந்தைய நாள் பி.பி.சி. அம்முடிவை நிறுத்தி வைத்தது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? ஒரு சேவையைப் பெரும்பாலோர் கைவிட்ட பின்னும் அதைப் பற்றிக்கொண்டிருப்போர் சிலர் உண்டு. எண்ணிக்கையில் அவர்கள் சிறியவர். ஆனால் தேவையில் பெரியவர். வேறு வழி உள்ளவர்கள் முதலில் வெளியேறிவிடுகிறார்கள். எஞ்சி நிற்பவர்கள் வேறு வழி இல்லாதவர்களே. எனவே, 'இதை இப்போது சிலர்தானே பயன்படுத்துகின்றனர்' என்று கூறி ஒன்றை மூடும் நேரமே, 'அந்தச் சிலர் யார்?' என்று கேட்க வேண்டிய நேரமாகும்.

முடிவுரை

பழையது போய்ப் புதியது வருவது உலக இயல்பு. டெலிடெக்ஸ்ட் மீண்டும் எங்கும் தழைக்க வேண்டும் என்று நான் கூற வரவில்லை. நம்மில் பெரும்பாலோர் அதைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆனால் காது கேளாதோருக்கு உதவும் எண்ணத்தில் பிறந்த ஒரு கண்டுபிடிப்பு உலகுக்கே பயன்பட்டது என்பதையும், அது தேய்ந்தபோது முதலில் வருந்தியவர்கள் பார்வைக் குறைவு உடையோரும் முதியோரும் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

நாளை நம்மில் சிலர் பொறியாளர் ஆவோம். சிலர் அலுவலகங்களில் பொறுப்பேற்போம். அந்நாளில் புதிய முறை ஒன்றைப் புகுத்தும்போது, நாம் மேலே ஏறிவிட்டோம் என்பதற்காக ஏணியை உதைத்துத் தள்ளிவிடக் கூடாது. கடைசிப் படியில் நிற்பவரும் ஏறி வந்துவிட்டாரா என்று ஒரு முறை திரும்பிப் பார்ப்போம். அதற்கு முன், இன்றே நம்மால் இயன்ற ஒன்று உண்டு. இணையத்தில் நிரப்ப வேண்டிய படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நிற்கும் தாத்தா பாட்டிமார் நம் தெருவிலேயே இருப்பர். சலித்துக்கொள்ளாமல் அவர்கள் அருகில் அமர்ந்து அதை நிரப்பிக் கொடுப்போமாக!