இடம் பெயர்ந்தோரும் குடும்ப நலமும்

புயலோ வெள்ளமோ வந்து ஓர் ஊர் முழுவதும் பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஒதுங்க நேரும்போது, ஊராட்சி மன்றத்தார் முதலில் எண்ணுவன அரிசி, அடுப்பு, குடிநீர், பாய் ஆகியவையே. அவ்வாறு எண்ணுவது முறைதான். ஆனால் அக்கூட்டத்தில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி இருப்பாள். கருத்தடை மாத்திரை அட்டையை வீட்டு மாடத்திலேயே விட்டு வந்தவள் ஒருத்தி இருப்பாள். மாற்றிக்கொள்ள உலர்ந்த துணியில்லாமல், அதை எவரிடமும் சொல்லவும் இயலாமல் மூலையில் சுருண்டிருக்கும் பெண்ணும் இருப்பாள். இவர்களுடைய தேவை மூட்டைக் கணக்கில் வருவதில்லை. அவர்கள் கேட்க நாணுவதால், தேவையே இல்லை என்று நாம் கருதிவிடுகிறோம்.

சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேர் தங்கியுள்ள முகாமில் மகப்பேற்று வயதுடைய பெண்கள் ஏறத்தாழ 250 பேர் இருப்பர். பிறப்பு விகிதம் ஆயிரத்துக்குச் சற்றேறக்குறைய 14 என்று கொண்டால், எந்த நாளில் எண்ணினாலும் பத்துக் கர்ப்பிணிகள் அங்கு இருப்பர். மாதத்துக்கு ஒரு பேறு நிகழும். பேறுகளில் நூற்றுக்குப் பதினைந்து சிக்கலாக முடியக்கூடும் என்பது மருத்துவர் கொள்ளும் பொதுக் கணக்கு. முகாம் ஆறு மாதம் நீடித்தால் ஒரு தாயின் உயிராவது ஊர்தி கிடைப்பதையும் பாதை திறந்திருப்பதையும் நம்பியிருக்கும் என்று கொள்ளலாம். 2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் வீசிய கஜா புயலின்போது, விழுந்த மரங்கள் பாதைகளை மறித்துக் கிடந்ததைக் காவிரிப் படுகையினர் மறந்திருக்க மாட்டார்கள். பேறுகாலம் நெருங்கியவர்களைப் புயலுக்கு முன்பே மருத்துவமனையில் சேர்க்கும் வழக்கம் இப்போது வேரூன்றி வருவது நல்லதே.

இச்சேவை நிவாரணத்தின் ஒரு பகுதி என்பதை உலக நாடுகள் ஏற்றுக்கொண்டது அண்மைக் காலத்தில்தான். 1994ஆம் ஆண்டு கெய்ரோ நகரில் கூடிய மக்கள்தொகை, வளர்ச்சி மாநாட்டுக்குப் பிறகே, அகதிகளுக்கென முதல் நாளிலிருந்து அளிக்க வேண்டிய குறைந்தபட்சச் சேவைத் தொகுப்பு ஒன்று வகுக்கப்பட்டது. பாதுகாப்பான பேறு, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு, பாலியல் நோய்த் தடுப்பு, வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு 72 மணி நேரத்துக்குள் மருத்துவ உதவி ஆகியவை அதில் அடங்கும். விரும்பாத கருவைத் தடுத்தல் என்பது 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் தனிக் குறிக்கோளாக இடம் பெற்றது. இவ்வளவு காலம் பிடித்தது வியப்பே.

நம் கடற்கரை கற்பித்த பாடம் இதனினும் கூர்மையானது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் மாண்டவர் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களுள் பெரும் பகுதியினர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். பெண்களும் குழந்தைகளுமே மிகுதியாக மாண்டனர். உயிர் பிழைத்துத் தகரத்தாலும் தார்த்தாளாலும் அமைந்த தற்காலிகக் குடியிருப்புகளுக்கு வந்து சேர்ந்த தாய்மார் பலர், பெற்ற குழந்தைகளை எல்லாம் இழந்து, முன்பே குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சையும் செய்துகொண்டவர்கள். இரு குழந்தைகள் போதும் என்று அரசும் ஊரும் சொன்னதைக் கேட்டு நடந்தவர்கள் அவர்கள். துண்டித்த கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவைச் சிகிச்சையை அரசு கட்டணமின்றி அவர்களுக்கு அளிக்க முன்வந்தது. சிலருக்குப் பயன் கிட்டியது, சிலருக்குக் கிட்டவில்லை. வயது, எஞ்சியுள்ள குழாயின் நீளம், முதல் அறுவை செய்யப்பட்ட முறை இவற்றைப் பொறுத்தது அது. எவராலும் உறுதி கூற இயலாத சிகிச்சையாகும்.

ஆகவே, குடும்ப நலம் என்றவுடன் பிறப்பைக் குறைத்தல் மட்டுமே என்று பொருள் கொள்வது பிழை. வேண்டும்போது பிள்ளை பெறுவதற்கும், வேண்டாதபோது தள்ளிவைப்பதற்கும் பெண்ணுக்குத் துணை நிற்பதே அது. நம் மாநிலத்தில், 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் நிலையான அறுவையையே மேற்கொண்டவர்கள். உற்றாரை இழந்து, வீடும் போய், நாளை எங்கே என்று அறியாத நிலையில் ஒரு பெண்ணை நிலையான முடிவுக்கு விரைவுபடுத்துதல் தகாது என்பது நம் கருத்து. அவளாகவே தெளிந்து கேட்டால் மறுத்தலும் தகாது. இடைக்கால முறைகள் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கின்றன: மூன்று திங்களுக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசி, முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இருமுறையும் பின்னர் ஒருமுறையும் உட்கொள்ளும் சாயா மாத்திரை, பத்தாண்டு வரை பயன் தரும் காப்பர் டி ஆகியன. முகாமில் தங்குவோருக்கு ஊசி வசதியானது. ஒளித்துவைக்க அட்டையும் இல்லை, பிறர் கண்ணில் படுவதும் இல்லை. ஆயினும் அடுத்த ஊசிக்குரிய நாளை எழுதிக் கொடுத்து, அவள் எவ்வூருக்குச் சென்றாலும் அங்குள்ள செவிலியர் அறியும்படி செய்தாலன்றிப் பயனில்லை.

நிவாரண அரிசியும் கருத்தடையும் ஒரே மேசையில் வழங்கப்படலாகாது. 1975–77 நெருக்கடிக் காலத்துக் கட்டாய அறுவைகளால் நாட்டில் குடும்ப நலம் என்ற சொல்லே பல்லாண்டுகள் அச்சத்துக்கு உரியதாயிற்று. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் பர்மாவிலிருந்து வங்காள தேசத்தின் காக்ஸ் பசாருக்கு ஓடிவந்த ரோகிங்கியா மக்கள் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டவர். அவர்கள் வாழ்ந்த மாவட்டங்களில் இரு குழந்தைகளுக்கு மேல் கூடாது என்று அதிகாரிகள் கட்டளையிட்டிருந்தனர். அத்தகையோரிடம் சென்று கருத்தடை பேசுபவரை அவர்கள் எவ்வாறு நம்புவர்? அங்கு வேலை செய்த மருத்துவச்சிகளும் தொண்டர்களும் பேறு பார்ப்பதிலும் குழந்தையின் நலனிலும் நம்பிக்கையை ஈட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. கணவன்மாரிடமும் இமாம்களிடமும் பேச வேண்டியிருந்தது. பின்னர்ப் பெண்கள் தாமாகவே ஊசியை நாடி வந்தனர்.

நம் ஊராட்சிகளில் செய்யத்தக்கது பெரிய செலவுள்ளதன்று. முகாமில் ஓர் அறையைப் பெண்களுக்கென ஒதுக்கித் திரையிடுதல், கழிப்பிடத்துக்குச் செல்லும் வழியில் இரவு முழுதும் விளக்கெரியச் செய்தல், கிராம சுகாதாரச் செவிலியர் வரும் நாளையும் நேரத்தையும் மாற்றாதிருத்தல் ஆகிய மூன்றும் இருந்தால், எஞ்சியதைச் செவிலியரே பார்த்துக்கொள்வார். ஆண் உறுப்பினர்கள் அவ்வறையின் வாயிலில் நின்று பெயர் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. புயலால் வந்தவர் சில வாரங்களில் திரும்புவர். 1983 முதல் இலங்கையிலிருந்து வந்தவர்களோ, 2021ஆம் ஆண்டு மறுவாழ்வு முகாம் எனப் பெயர் மாற்றப்பட்ட குடியிருப்புகளில் மூன்றாந் தலைமுறையைக் காண்கின்றனர். செங்கற் சூளைக்கு ஆண்டுதோறும் பிள்ளைகுட்டியுடன் வரும் வெளியூர்க் குடும்பங்களையும் எவரும் இடம் பெயர்ந்தோர் என்று அழைப்பதில்லை. அவர்களையும் செவிலியரின் பதிவேட்டில் சேர்க்குமாறு கேட்பது ஊராட்சித் தலைவருக்கு ஒரு சொல் வேலையே.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன் செப்டம்பரிலேயே செவிலியருடன் அமர்ந்து, டிசம்பர் முடியப் பேறுகாலம் உள்ளவர்களின் பட்டியலை எழுதிவிடலாம். தாய் சேய் நல அட்டையும் பிக்மி எண்ணும் வெள்ளத்தில் போய்விட்டால் குழந்தையின் பிறப்புச் சான்று வரையில் அலைச்சல்தான். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் அட்டையை வைக்க ஒரு பிளாஸ்டிக் உறை கொடுத்து, எண்ணை ஊராட்சி அலுவலக ஏட்டிலும் ஒரு படி குறித்துவைத்தல் வேண்டும்.