சூடான காற்றும் சின்னஞ்சிறு பற்றாசும்

நிலம் இழந்து இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குக் கைத்தொலைபேசி திருத்தும் வேலை ஒரு துணை வருமானம். அதில் கடினமானது சூடான காற்றால் உறுப்புகளைக் கழற்றிப் பூட்டுவது. முதலில் பயனற்ற போர்டில் பழகுவோம். அயலார் நம்பித் தந்த தொலைபேசியில் வேண்டாம். மின்கலத்தைக் கழற்றிவிட்டே தொடங்க வேண்டும்.

சோல்டர் என்று கடையில் கேட்கிறோமே, அந்தப் பற்றாசில் ஈயம் கலந்தது 183 பாகை செல்சியசில் உருகும். 2006 யூலையில் ஐரோப்பிய ஒன்றியம் ஈயத்தைக் கட்டுப்படுத்தியபின் வந்த தொலைபேசிகளில் பெரும்பாலும் ஈயமற்ற பற்றாசு. அதற்கு ஏறக்குறைய 217 பாகை வேண்டும். வழியில் வெப்பம் சிதறுவதால் கருவியை 350 அளவில் வைக்கிறோம்.

ப்ளக்ஸ் பசை தடவி, அருகிலுள்ள பிளாஸ்டிக்கை வெப்பம் தாங்கும் நாடாவால் மூடி, முனையை ஒரு விரல் அகலம் தள்ளிப் பிடித்து வட்டமாக அசைக்க வேண்டும். பற்றாசு பளபளத்ததும் சாவணத்தால் மெல்லத் தொட்டால் உறுப்பு வழுக்கும். வழுக்காததை இழுத்தால் அடியிலுள்ள செப்புத் தடமும் பெயர்ந்து வரும். பொறுமையற்ற கைக்கு இங்கே இரண்டாம் தவணை இல்லை.

அக்கரப்பத்தனை மூடுபனிக்கென்று ஒரு பாடமும் உண்டு. சில்லின் பிளாஸ்டிக் உடல் ஈரத்தை உறிஞ்சும். திடீரெனச் சூடாக்கினால் அந்த ஈரம் ஆவியாகிச் சில்லைப் பிளந்துவிடும். புதிய சில்லை வேலைக்கு எடுக்கும்வரை உறையைப் பிரிக்காதீர்கள். சூட்டையும் படிப்படியாகவே ஏற்றுங்கள்.

லயக்காமராவில் அடுப்பும் படுக்கையும் அருகருகே. ஆகவே பிள்ளைகளை வெளியே அனுப்பி, புகை போக ஜன்னலைத் திறந்து வையுங்கள். குளிர்காற்று நேரே போர்டில் படக்கூடாது. சவர்க்காரமிட்டுக் கைகழுவிய பிறகே பிள்ளைக்குச் சோறு ஊட்டலாம்.