அச்சும் தாங்கியும்

முன்னுரை

சுழலும் பொருளுக்கு அச்சு எத்துணை இன்றியமையாதது என்பதைத் தமிழர் நெடுங்காலமாக உணர்ந்திருந்தனர். உப்பு வணிகரான உமணர், மேடுபள்ளம் மிக்க வழிகளில் செல்லும்போது வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதை ஔவையாரின் புறப்பாடல் வழி அறிகின்றோம். மென்மையான மயிலிறகும் அளவு மீறினால் அச்சை முறிக்கும் என்பது வள்ளுவர் கருத்து. அவ்வச்சினைத் தாங்கிச் சுழலவிடும் உறுப்பையே பட்டறைகளில் 'பேரிங்' என்கின்றனர். தமிழில் 'தாங்கி' என்பர். அது இயங்குமாற்றையும் தேயுமாற்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

வழுக்குத் தாங்கி

தாங்கிகளை வழுக்குத் தாங்கி, உருள் தாங்கி என இரு பெரும் பிரிவாகக் கொள்ளலாம். முன்னதில் தண்டு ஓர் உலோகக் குழலுக்குள் நேரே சுழலும். பட்டறையில் 'புஷ்' என வழங்குவது இவ்வினத்தைச் சார்ந்ததே.

தண்டு நிற்கும்போது குழலின் அடியில் படிந்து கிடக்கும். விரைந்து சுழலும்போதோ, தன்மேல் ஒட்டிய எண்ணெயை ஆப்புப்போல் குறுகிச் செல்லும் இடைவெளிக்குள் இழுத்துச் செல்லும். அங்கு எழும் அழுத்தம் தண்டையே தூக்கி நிறுத்துகின்றது. அந்நிலையில் உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. இடையில் நின்று சுமையைத் தாங்குவது எண்ணெய்ப் படலமே.

இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்பார் 1883ஆம் ஆண்டளவில் இரயில் வண்டி அச்சுகளின் தாங்கிகளை ஆராய்ந்தார். எண்ணெய் இடுவதற்காக மேலே துளைத்த துளையின் வழியே எண்ணெய் பொங்கி வெளிவந்தது. அதனை அடைத்தார், அடைப்பையும் எண்ணெய் வெளியே தள்ளிவிட்டது. அதற்குரிய கணித விளக்கத்தை ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் அளித்தார். இதனால் ஓர் உண்மை புலப்படும்: படலம் நிலைபெறாத தொடக்கத்திலும் நிறுத்தத்திலுமே வழுக்குத் தாங்கி மிகுதியாகத் தேய்கின்றது.

உருள் தாங்கி

உள்வளையம், புறவளையம், இடையே உருளும் குண்டுகள் அல்லது உருளைகள், அவற்றை இடைவெளியிட்டு நிறுத்தும் கூடு ஆகியன இதன் உறுப்புகள். வழுக்கலினும் உருளலில் உராய்வு குறைவு என்பதே இதன் அடிப்படை.

சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகரில் ஒரு நெசவாலை களிமண் நிலத்தின்மேல் அமைந்திருந்தது. நிலம் அசைய, நீண்ட தண்டுகள் நேர்கோட்டினின்று விலகின. தாங்கிகள் அடிக்கடி பழுதுற்றன. அவ்வாலையின் பொறியாளரான ஸ்வென் விங்க்விஸ்ட், புறவளையத்தின் உட்புறத்தைக் கோளத்தின் பகுதிபோல் குடைந்து, இரு வரிசைக் குண்டுகளை அமைத்தார். தண்டு சிறிது சாய்ந்தாலும் தாங்கி தானே இணங்கிக்கொண்டது. 1907இல் எஸ்.கே.எப். நிறுவனம் தோன்ற இதுவே வித்தாயிற்று.

தேய்வும் காரணமும்

குண்டு வளையத்தைத் தொடும் பரப்பு மிகச் சிறியது. ஆதலின் அங்கு அழுத்தம் மிகப் பெரியது. அவ்வழுத்தம் மீண்டும் மீண்டும் தாக்க, மேற்பரப்பின் அடியில் நுண் விரிசல் தோன்றி, நாளடைவில் மேலெழுந்து, உலோகம் செதிலாக உதிரும். இதனை அயர்ச்சி என்பர். ஒரே வகைத் தாங்கிகள் 100இல் 90 இவ்வயர்ச்சியின்றிக் கடக்கும் சுழற்சிகளின் எண்ணிக்கையே கணக்கிட்ட ஆயுள் எனப்படும். குண்டுத் தாங்கியில் சுமை 2 மடங்கானால், ஆயுள் 8இல் ஒரு பங்காகச் சுருங்கும். வள்ளுவர் கூறிய அளவறிதல் இங்குக் கணக்காகவே நிற்பதைக் காண்கின்றோம்.

எனினும் பல தாங்கிகள் அவ்வாயுளை எட்டுவதற்கு முன்னரே மடிகின்றன. தூசு புகுந்தால் பரப்பு கீறப்படும். ஈரம் புகுந்தால் துரு அரிக்கும். கிரீஸ் குறைந்தால் உலோகம் உரசும். மிகுந்தாலோ அது கடையப்பட்டுச் சூடேறும். தண்டில் இறுக்கும்போது உள்வளையத்தின்மீது செலுத்த வேண்டிய விசையைப் புறவளையத்தின்மீது செலுத்தினால், அது குண்டுகளின் வழியே பாய்ந்து தடத்தில் பள்ளம் பதிக்கும். இயங்காது நிற்கும் இயந்திரத்தையும் அயலிலுள்ள இயந்திரத்தின் அதிர்வு விடுவதில்லை. குண்டு நின்ற இடந்தோறும் தழும்பு விழும். மோட்டாரின் மின்னோட்டம் தாங்கியின் வழியே கசிந்தால், தடத்தில் படிப்படியான வரிகள் தோன்றும்.

நிறைவுரை

பழுதுறும் தாங்கி, ஒலி, வெப்பம், அதிர்வு ஆகியவற்றால் முன்னரே அறிவிக்கின்றது. திருப்புளியின் முனையைத் தாங்கிப் பெட்டியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்கும் தொழிலாளியின் செவியறிவை இன்று அதிர்வுமானிகள் துல்லியமாக்கியுள்ளன.

ஆயினும் தேய்ந்ததைக் கழற்றி எறிந்து புதியதைப் பொருத்துவதோடு பணி முடிந்துவிடுவதில்லை. சுவடியின் சிதைவைக் கண்டு கரையான் அரித்ததோ ஈரம் பட்டதோ எனத் தமிழாய்வோர் ஆராய்வதுபோல், கழற்றிய தாங்கியின் தடத்தையும் படித்தல் வேண்டும். காரணம் அறியாது மாற்றிய தாங்கி, முந்தையதன் வழியே விரைவில் செல்லும், ஆலை நிற்கும், அன்றைய கூலியை நம்பிய வீட்டின் அடுப்பும் அதனோடு நிற்கக்கூடும். இயந்திரம் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனை அறிந்து பேணுதற்குரிய அறிவைத் தொழிலாளிக்கு விளங்கும் தமிழில் தருவது நம் போன்றோர் கடனாகும்.