பழகக் கற்பிக்கும் பள்ளி

பெயர் சொல்லி அழைத்தாலும் சில குழந்தைகள் திரும்பிப் பார்ப்பதில்லை. கேட்ட சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லுகின்றனர். பள்ளி மணி ஒலித்தால் காதைப் பொத்திக்கொள்கின்றனர். இவர்களைப் பிடிவாதக்காரர் என்று நாம் எளிதில் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். வயலுக்குச் செல்லும் பெற்றோர், வேறு வழியின்றி இத்தகைய குழந்தையை வீட்டில் பூட்டி வைப்பதும் உண்டு.

இக்குழந்தைகளுக்கு ஆட்டிசம் இருக்கக்கூடும். 1943-ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் மருத்துவர் இதனை விளக்கி எழுதினார். இது மூளையின் வளர்ச்சியில் அமைந்த வேறுபாடாகும். தாயின் வளர்ப்பினால் நேர்ந்ததன்று, தொற்றுநோயுமன்று. தடுப்பூசியினால் வருகிறது என்பதும் பொய்.

முறை வரும்வரை காத்திருத்தல், உதவி கேட்டல், விளையாட்டில் சேர்தல் ஆகியவற்றை மற்றக் குழந்தைகள் பார்த்தே கற்றுக்கொள்கின்றனர். இவர்களுக்கோ அவற்றைப் படிப்படியாகக் கற்பிக்க வேண்டும். அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை.

முதலாவதாக, அன்றைய வேலைகளைப் படங்களாக வரைந்து வரிசையாகச் சுவரில் மாட்டலாம். அடுத்து நடக்கப்போவது இன்னதென்று தெரிந்தால் குழந்தையின் கலக்கம் குறையும். இரண்டாவதாக, சத்துணவுக்கு வரிசையில் நிற்பது போன்ற ஒரு செயலைச் சிறு படிகளாகப் பிரித்து, ஆசிரியர் செய்துகாட்டிப் பழக்கலாம். மூன்றாவதாக, அன்புள்ள இரண்டொரு மாணவரைத் துணையாக்கிப் பல்லாங்குழி ஆடச் செய்யலாம். 'இப்போது நான், அடுத்து நீ' என்னும் பாடம் அவ்வாட்டத்திலேயே அடங்கியிருக்கிறது. சுருக்கமாகப் பேசவும், விடைக்குப் பொறுத்திருக்கவும் துணைமாணவரும் பழக வேண்டும். முகத்தைப் பார்த்தே பேச வேண்டுமென்று குழந்தையை வற்புறுத்தலாகாது.

இதில் பஞ்சாயத்தின் கடமை யாது? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றுள்ளது. எனவே, இக்குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பது நாம் காட்டும் கருணையன்று, அவர்களுடைய உரிமை. வீட்டில் முடங்கிய குழந்தைகளைக் கண்டறிந்து பள்ளிக்குக் கொணர்வதும், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரது உதவியைப் பெற்றுத் தருவதும் அங்கத்தினர்களின் கடமையாகும். இத்தகைய குழந்தைகளுள் சிலர் சொல்லாமல் வெளியேறி நீர்நிலைகளை நாடிச் செல்வதுண்டு. ஆகையால் திறந்த கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்புவது உயிர் காக்கும் பணியாகும்.

பள்ளியில் பழகிய பழக்கம் கடைத்தெருவிலும் திருவிழாவிலும் பயன்பட வேண்டுமாயின், ஊரும் அக்குழந்தையுடன் பழகக் கற்க வேண்டும். அப்பாடத்தை நாமே முதலில் தொடங்குவோமாக.