தங்க முலாம் பூசிய கேபிள் வாங்கலாமா?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சிஸ்டம், மானிட்டர், ஸ்பீக்கர் எல்லாம் பேசி முடித்து பில் போடும் நேரத்தில், கடைக்காரர் பளபளப்பான ஒரு பெட்டியை எடுத்து வைப்பார். "சார், தூத்துக்குடியில உப்புக்காத்து. சாதா கேபிள் போட்டா சவுண்டே கெட்டுரும். இது தங்க முலாம் போட்டது" என்பார். சாதா கேபிள் 200 ரூபாய் என்றால் இது 4,000 ரூபாய். இந்தப் பேச்சில் எது உண்மை, எது சரடு என்று பார்ப்போம்.

உப்புக்காற்று

இது பாதி உண்மை. கடற்கரை ஓரம் வசிப்பவர்களுக்கு ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கேபிள் பின்னிலும் மாசு படியும். ஒலி விட்டு விட்டு வரும், கரகரக்கும். தங்கம் துருப்பிடிக்காது என்பதால் முலாம் பின்னைக் காக்கும். ஆனால் அந்த முலாம் மிக மெல்லியது. குறைந்த விலை கேபிள்கள் பலவற்றிலும் இருக்கிறது. பின்னைக் காக்குமே தவிர, பாட்டை இனிமையாக்காது. சாதா பிளக் கரகரத்தால், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு நாலைந்து முறை செருகி எடுங்கள். படிந்த மாசு பெரும்பாலும் உரசிப் போய்விடும்.

டிஜிட்டல் கேபிள்

யு.எஸ்.பி., எச்.டி.எம்.ஐ. கேபிள்களில் செல்வது 0, 1 என்ற டேட்டா. அது சரியாகப் போய்ச் சேர்ந்தால் 200 ரூபாய் கேபிளும் 4,000 ரூபாய் கேபிளும் ஒன்றே. கேபிள் மோசமாக இருந்தால் ஒலி 'டிக் டிக்' என்று வெட்டும், படத்தில் புள்ளிகள் தெறிக்கும், திரை கருப்பாகும். "குரல் கொஞ்சம் இனிமை குறைவு" என்ற மாதிரிக் கோளாறு வராது. எச்.டி.எம்.ஐ. கேபிள் வாங்கும்போது விலையைப் பார்க்காமல், 'ஹை ஸ்பீடு' போன்ற தரக் குறியீடு உங்கள் மானிட்டருக்குப் போதுமா என்று பாருங்கள்.

ஸ்பீக்கர் ஒயர்

1 சதுர மி.மீ. தாமிர ஒயரில் 5 மீட்டர் தூரத்துக்குப் போகவர 10 மீட்டர். மின்தடை சுமார் 0.17 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது 2 சதவீதம்தான். 'ஆக்ஸிஜன் இல்லாத தாமிரம்' என்று விற்கிறார்களே, அதன் மின்கடத்தும் திறன் சாதாரண மின்சாரத் தாமிரத்தைவிட ஏறத்தாழ 1 சதவீதமே அதிகம். உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு. அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய ஒயரைத் தாமிரம் என்று விற்பதுண்டு. ஒயரை வெட்டி முனையைப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் வேண்டாம்.

காது பொய் சொல்லுமா?

விலையைத் தெரிந்துகொண்டு கேட்டால், காதுக்கு முன்னால் மனம் தீர்ப்பு சொல்லிவிடும். 2007-இல் பியர் கேபிள் நிறுவனத்தின் 7,250 டாலர் ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரண கேபிளிலிருந்து ஒலியை மட்டும் வைத்துப் பிரித்துச் சொன்னால் 10 லட்சம் டாலர் பரிசு என்று ஜேம்ஸ் ராண்டி சவால் விட்டார். அந்தச் சோதனை கடைசிவரை நடக்கவே இல்லை. அதே ஆண்டு மேயர், மோரன் என்ற இருவர் வேறொரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். உயர்தர டிஸ்க் ஒலியையும் அதைச் சி.டி. தரத்துக்கு மாற்றிய ஒலியையும் மறைத்து வைத்துக் கேட்கச் செய்தார்கள். 554 முறையில் 276 முறை சரியான பதில். நாணயம் சுண்டினாலும் இதே பலன்தான்.

நம் ஊரில் கடைசியாக அரசு முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அக்காலத்தில் சிப்பியைத் திறக்காமலேயே குவியல் குவியலாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. எடுப்பவருக்கும் அது தெரிந்தே இருந்தது. கேபிள் கடையிலோ திறக்காத சிப்பியைக் காட்டி "உள்ளே முத்து நிச்சயம்" என்கிறார்கள். நாம் திறந்து பார்த்துவிடலாம்.

வீட்டிலேயே சோதனை

1. நண்பரிடம் இரண்டு கேபிளையும் கேளுங்கள். வாங்கும் முன் செய்வது நல்லது.
2. நீங்கள் திரும்பி உட்காருங்கள். வேறொருவர் நாணயம் சுண்டி, தலை விழுந்தால் ஒரு கேபிள், பூ விழுந்தால் மற்றது என்று மாட்டட்டும். வால்யூமைத் தொடக்கூடாது.
3. ஒரே பாட்டைக் கேட்டு, எந்தக் கேபிள் என்று எழுதுங்கள். இப்படி 10 முறை.

குருட்டாம்போக்கில் சொன்னாலே 5 சரியாக வரும். 9 அல்லது 10 சரியாக வர, அதிர்ஷ்டத்துக்கு நூற்றில் ஒரு வாய்ப்புதான். அந்த அளவுக்கு வந்தால் தாராளமாக வாங்குங்கள்.

பணத்தை எதில் போடலாம்?

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் இருந்தால், முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது உங்கள் உயிருக்கும் பாதுகாப்பு. மிச்சமாகும் 3,800 ரூபாயை நல்ல ஸ்பீக்கருக்கோ யு.பி.எஸ்.ஸுக்கோ சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் மாறினால் ஒலி மாறுவது எவர் காதுக்கும் தெரியும். எதை வாங்கினாலும் பில் வாங்கத் தவறாதீர்கள். பொய்யான வாக்குறுதி தந்து விற்றிருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.